ஓய்வும் இறைபணியும்

உத்தியோகத்தில் அமர்ந்த ஒருவர் குறித்த அகவை நிரம்பியவழி அதனின்று நீங்குதலை உலகத்தார் 'ஓய்வு பெறுதல்' என வழங்குவர். தமிழ்நாட்டு அரசு ஊழியர்க்கு அவ்வகவை நெடுங்காலம் 58 ஆக இருந்து, 2020-இல் 59 ஆகவும், 2021-இல் 60 ஆகவும் உயர்த்தப்பட்டது. 2011-ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி தமிழ்நாட்டு மக்களுள் நூற்றுக்குப் பதின்மர்க்கு மேற்பட்டோர் அறுபது நிரம்பியவர்களே. அவருள் பலர்க்குப் பதினைந்தும் இருபதும் ஆண்டுகள் வாழ்நாள் இன்னும் எஞ்சி நிற்கின்றது. இளமைக்குக் கல்வியையும், நடுப்பருவத்திற்குத் தொழிலையும் இல்லறத்தையும் வகுத்துக் கொடுத்த உலகம் இவ்விருபது ஆண்டிற்கு வகுத்துக் கொடுத்தது யாது? பென்ஷன் தொகையும் மருத்துவச் செலவும் பற்றிய பேச்சன்றிப் பிறிதொன்றும் காணப்பட்டிலது. யாமும் அறுபதைக் கடந்தேமாதலின் இவ்வினா எமக்கு ஏட்டளவில் நிற்பதன்று. இதற்குச் சித்தாந்த சைவம் கூறும் விடை யாதென்பதை ஈண்டு ஒருசிறிது ஆராய்வாம்.

முதற்கண், ஓய்வு என்னும் சொல்லின் பொருளை வரையறுத்துக் கோடல் வேண்டும். ஓய்வது யாது? உடலோ, உடலுக்குரிய தொழிலோ, தொழிலைச் செய்த உயிரோ? தொழில் நின்றமையானே உயிர் ஓய்ந்துவிட்டது என்பது பொருந்தாது. உயிரானது சார்ந்ததன் வண்ணமாம் இயல்பினது என்பது நம் சமயத்தின் அடிப்படைக் கொள்கைகளுள் ஒன்று. எதனையும் சாராது தனித்து நிற்றல் அதற்கு இயல்பன்று. பளிங்கு தன்னை அடுத்த நிறத்தைக் காட்டுமாறு போல, உயிரும் தான் சார்ந்த பொருளின் தன்மையையே தன் தன்மையாகக் காட்டும். முப்பதாண்டு உத்தியோகத்தைச் சார்ந்து நின்ற உயிர், அச்சார்பு நீங்கிய மறுநாளே வேறொன்றைச் சார்ந்தே தீரும். இறைவனைச் சாராதாயின் வீட்டுச் சாவியைச் சாரும். மருமகள் சமையலின் குற்றத்தைச் சாரும். தான் அதிகாரியாயிருந்த நாளின் பெருமையைச் சாரும். அயலான் வழக்கைச் சாரும். ஓய்வுபெற்றார் பலர் தம் இல்லத்தார்க்குப் பாரமாய்த் தோன்றுதற்குக் காரணம் அவர் தம் முதுமையன்று. பற்றிய கொம்பை இழந்த கொடி அருகில் நின்ற எதனையும் சுற்றிக்கொள்வது போன்ற இந்நிலையே என்க. ஆகவே, 'இனி ஒன்றும் செய்யாது இருப்பேன்' என்பது எவர்க்கும் இயலாத ஒன்று. இனி எதனைச் சார்வது என்பதே ஆராயத்தக்கது.

இதனை விளக்குதற்கு எம் ஊரின் தொழிலினின்றே ஓர் எடுத்துக்காட்டுத் தருதும். திண்டுக்கல்லுக்கும் மதுரைக்கும் இடைப்பட்ட பெருவழியில், சிறுமலையைக் கண்ணெதிரே கொண்டு விளங்கும் சின்னாளப்பட்டி, கைத்தறிச் சேலைக்கும் சுங்குடிக்கும் பெயர்பெற்றது. குழித்தறியில் அமர்ந்து நெய்வார்க்கு இரு கால்களும் குழியினுள் மிதியை மாறிமாறி மிதித்தல் வேண்டும். ஒரு கை நாடாவை ஓட்ட, மற்றொரு கை பலகையை இழுத்து அடித்தல் வேண்டும். அறுந்த இழையைக் கண் உடனே காணுதல் வேண்டும். அகவை முதிர முதிர முழங்கால் முரணும், கண் மங்கும். அந்நிலையில் முதியவர் தறியினின்று எழுந்து மகனை அதன்கண் இருத்துவர். ஆயினும் அவர் தொழிலினின்று நீங்கினாரல்லர். இராட்டினத்தின் முன் அமர்ந்து தார் சுற்றுவர். தார் என்பது நாடாவினுள் பொருத்தும் ஊடைநூற் சுற்று. அது நெகிழச் சுற்றப்படின் நூல் சிக்கும்; இறுகச் சுற்றப்படின் இழை அறும். பதமறிந்த கைக்கே அது வாய்க்கும். தறியில் இருந்த நாளில் அவர்க்குச் சேலை 'என்னுடையது'; தார் சுற்றும் நாளில் சேலை மகனுடையது; அவர் சுற்றிய நூலோ அச்சேலை முழுவதும் ஓடிக்கிடக்கின்றது. பெயர் நீங்கிற்று; பணி நீங்கவில்லை. விசைத்தறியின் பெருக்கத்தால் கைத்தறி மெலிந்துவரும் இந்நாளிலும், முதியோர் இவ்வாறு இடம் மாறி அமர்தலை நெசவாளர் இல்லங்களிற் காணலாம். நூல் பல கற்றும் அறிதற்கரிய ஒன்றனை இது நமக்குக் காட்டுகின்றது. ஓய்வு என்பது பணியின் முடிவன்று. பணியினின்று 'எனது' என்பதன் நீக்கமாம்.

இனி, முதுமையில் உடலுக்கும் கருவிகளுக்கும் நேரும் தளர்ச்சியைச் சித்தாந்தம் எவ்வாறு நோக்கும் என்பது காண்பாம். தனு, கரணம், புவனம், போகம் என்னும் நான்கும் உயிர்க்கு இறைவனால் மாயையினின்று கூட்டப்பட்டன. ஆணவ இருளில் அழுந்திக் கிடந்த உயிர்க்கு, விடியுங்காறும் உதவும் விளக்குப்போல அவை உதவுகின்றன. கண் மங்கிற்றெனின் காணும் கருவி மங்கிற்றென்பதே பொருள். கண்டு அறிந்த உயிரின் அறிவு தேய்ந்ததென்பது பொருளன்று. நெய் குறைந்து விளக்குச் சிறுத்தவிடத்து இருவகையார் உளர்: விடியல் அணித்து என அறிந்து கீழ்த்திசையை நோக்குவார் ஒருவர்; விளக்கையே நோக்கி வருந்துவார் மற்றொருவர். உடலைப் பேணுதல் வேண்டாவென்று யாம் கூறுகின்றிலேம். அளவான உணவும், காலை நடையும், மருத்துவர் சொற்கேட்டலும் உடற்கருவியைப் பழுதுறாது காத்தற்கு இன்றியமையாதன. உடலூழாகிய பிராரத்தம் நுகர்ந்து கழியும் அளவும் இவ்விளக்கு எரிதல் வேண்டுமாதலின் அதனைத் தூண்டுதல் கடனேயாம். விளக்கையே ஞாயிறெனக் கருதுதல் மட்டும் பிழை.

இவ்விடத்துச் சைவ ஆகமங்கள் கூறும் அரியதொரு நுட்பத்தைச் சிந்தித்தல் வேண்டும். விஞ்ஞானகலருள் மலபரிபாகம் எய்தினார் சிலர், அனந்தேசுரர் முதலிய அட்ட வித்தியேசுரர் பதங்களைப் பெற்று, சிவபெருமானது ஆணைவழித் தொழில் நடாத்துவர். மலம் பெரிதும் தேய்ந்த நிலையிலும் பதவியின்கண் விருப்பாகிய ஒரு வாதனை அவர்பால் எஞ்சி நிற்கும். அதற்கு அதிகார மலம் என்று பெயர். அவ்வதிகாரம் முடிந்து, அவ்விருப்பமும் அற்ற பின்னரே அவர்க்குப் பரமுத்தி கைகூடும். அனந்தேசுரர்க்கே இஃது உண்டெனின், தாலுகாக் கச்சேரியிலும் பள்ளிக்கூடத்திலும் நாற்காலியில் இருந்தெழுந்த நம்மனோர்க்கு உண்டு என்பதைச் சொல்லவும் வேண்டுமோ? பொன்னாசையும் மண்ணாசையும் அறுபதிற்குள் தளரினும் தளரும். 'என் சொல்லைக் கேட்டே எவரும் நடத்தல் வேண்டும்' என்னும் ஆசை அறுபதில்தான் முற்றி எழுகின்றது. உத்தியோகத்தில் இருந்தவரை ஏவலர் பலராதலின் அவ்வாசை புறத்தே தெரியாது ஒளிந்திருந்தது. ஏவலர் நீங்கியவழி அது தன் முழு உருவத்தோடு வெளிப்படும். வெளிப்பட்ட நோயே மருந்துக்கு வசப்படும். ஆதலின் உத்தியோகத்தின் நீக்கத்தை இழப்பென்று எண்ணாது, அதிகார மலம் கழிதற்குத் திருவருள் கூட்டிய வாயில் என்று கொள்ளுதலே சைவர்க்குத் தகுவதாம்.

இவ்வாயிலை நன்கு பயன்படுத்திய பெரியோரைப் பெரியபுராணத்துட் காணலாம். ஐயடிகள் காடவர்கோன் நாயனார் அரசுரிமையைப் பாரமெனக் கண்டு, தம் குமாரனுக்கு முடிசூட்டி, தாம் தலந்தோறும் சென்று வழிபட்டு ஒவ்வொன்றற்கும் ஒரு வெண்பா அருளினார். பதினோராந் திருமுறையிற் சேர்ந்துள்ள க்ஷேத்திரத் திருவெண்பா அப்பயணத்தின் பேறு. உடல் தளர்ந்து உயிர் பிரியுங் காலம் வருமுன் இன்ன தலத்தை நினை என்று நெஞ்சை நோக்கிக் கூறுவன அவை. அரியணையில் இருந்து பிறர்க்கு ஆணையிட்ட வாய், அதனை விட்ட பின் தன் நெஞ்சிற்கே ஆணையிடுதலை நோக்குக. அதிகாரம் போக வேண்டிய இடம் இதுவே.

சிறுத்தொண்ட நாயனார் வரலாறு வேறொரு வகையினது. பரஞ்சோதியார் என்னும் பெயரோடு பல்லவ வேந்தன் படைத்தலைவராயிருந்து வாதாபியை வென்றவர் அவர். அவ்வெற்றியைக் கி.பி. 642-ஐ ஒட்டி நிகழ்ந்ததென வரலாற்றாசிரியர் கணிப்பர். அவர் சிவனடியார் என்பதை அமைச்சர் வாயிலாக அறிந்த வேந்தன், அடியாரைப் போர்க்களத்திற்கு அனுப்பினோமே என அஞ்சி, நிதியம் அளித்து, அவர் விரும்பிய நெறியில் நிற்க விடைகொடுத்தான். அவர் திருச்செங்காட்டங்குடிக்கு மீண்டு, நாள்தோறும் அடியவரை அமுது செய்வித்து, அவர்முன் தம்மைச் சிறியராக்கி ஒழுகினமையின் சிறுத்தொண்டர் எனப்பட்டார். படைத்தலைவர் என்ற பெரும்பெயர் போய்ச் சிறுமையைக் குறிக்கும் பெயர் வந்தது, நிலைபெற்றது பின்னதே. ஐயடிகள் தாமே பதவியை விட்டார். பரஞ்சோதியார்க்கு வேந்தன் விடைதந்தான். விட்ட வகை வேறாயினும், விட்ட பின் அவ்விருவரும் பழைய பெருமையைத் திரும்பி நோக்கிலர் என்பது ஒன்றே.

முதுமைக்கு முழுமையான இலக்கியமாய் விளங்குபவர் திருநாவுக்கரசு சுவாமிகள். சமயாசாரியர் நால்வருள் நெடிது வாழ்ந்தவர் அவரே. எண்பத்தோராண்டு நிலவுலகில் எழுந்தருளியிருந்தார் என்பது மரபு. திருப்பூந்துருத்தியை நோக்கி ஆளுடையபிள்ளையார் சிவிகையில் எழுந்தருளியபோது, சிவிகை தாங்குவாருள் ஒருவராய் யாரும் அறியாவண்ணம் கலந்து நின்றவர் அப்பெரியார். 'அப்பர்' எனத் தம்மை அழைத்த இளங்குழவியின் சிவிகையை அம்முதியோர் தம் தோளிற் சுமந்தார். 'என் அகவைக்கு மதிப்பில்லையே' என்று மனங்குமையும் முதியோர் இந்நிகழ்ச்சியை ஒருநாட்கு ஒருமுறையேனும் எண்ணுதல் நலம். இனி, இறுதிக்காலத்தில் திருப்புகலூரில் அவர் செய்தது யாது? உழவாரப் படையால் திருமுற்றத்துப் புல்லைச் செதுக்கினார். அவ்விடத்துப் பொன்னும் மணியும் தோன்றியபோதும் பருக்கைக் கற்களோடு ஒப்பவே கருதி அவற்றையும் வாரிக் குளத்தில் எறிந்தார். இருவினையொப்பு என்று நூல்கள் கூறுவதனைப் புல்லினிடையே காட்டிய செயல் இது. பாடிய வாய் ஓயவில்லை. பணி செய்த கையும் ஓயவில்லை. ஓய்ந்தது 'யான்' ஒன்றே.

இங்ஙனம் கூறியவழிச் சில தடைகள் எழும். அவற்றுக்கு முறையே விடை கூறுதும்.

'ஞானம் கைவந்தார்க்குப் பணி எற்றுக்கு? முதுமையில் சும்மா இருத்தலே சாலும்' எனின், அற்றன்று. சிவஞானபோதத்துப் பத்தாஞ் சூத்திரம், பாசநீக்கத்திற்கு ஏகனாதலையும் இறைபணி நிற்றலையும் சேர்த்தே கூறிற்று. இறைபணி நிற்றலாவது, செயல் அனைத்தும் இறைவன் செயலெனக் கண்டு அவன்வழி நிற்றல். அதனின் வழுவினாரைப் பழைய வினையும் வாதனையும் மீளப் பற்றும். பன்னிரண்டாஞ் சூத்திரமும், மலங் கழுவிய பின்னரும் அன்பரொடு மருவுதலையும், திருவேடத்தையும் ஆலயத்தையும் அரனெனத் தொழுதலையும் விதித்தது. உடல் உள்ளளவும் வாதனை தாக்கும் என்பதே அதற்குக் காரணம். சீவன்முத்தர்க்கே இவ்விதி உண்டாயின், ஏனையோர் சாய்வுநாற்காலியிற் சாய்ந்திருத்தலைச் சும்மா இருத்தல் என்று கூறிக்கொள்ளுதல் சொல்லைப் பழித்தலேயாம்.

'கையும் காலும் வழங்காது படுக்கையிற் கிடப்பார் பணி செய்யுமாறு எங்ஙனம்?' எனின், பூசலார் நாயனார் வரலாறே விடையாம். திருநின்றவூரில், கையில் பொருளின்மையால் நெஞ்சினுள்ளே கல்லும் மரமும் தேடிக் கோயில் எடுத்தார் அவர். கச்சியில் கற்றளி எடுத்த காடவ வேந்தன் குறித்த அதே நாளை இறைவன் பூசலாருடைய கோயிலுக்கே உரியதாக்கினான். மனம், வாக்கு, காயம் என்னும் மூன்றனுள் இரண்டு வழங்காதொழியினும் ஒன்று எஞ்சும். ஐந்தெழுத்து நினைவிற்கு ஊன்றுகோல் வேண்டா.

'வயிற்றிற்கு வழியின்றி முதுமையில் வாடுவார்க்கு இறைபணி உபதேசித்தல் முறையோ?' எனின், இத்தடை ஏனையவற்றினும் வலியுடையது. நேர்மையாக விடையிறுத்தல் வேண்டும். உத்தியோகத்தார்க்கு ஓய்வூதியம் உண்டு. தார் சுற்றும் முதியவர்க்கும், காட்டில் களை பறிக்கும் மூதாட்டிக்கும் குறித்த ஓய்வகவையும் இல்லை, போதிய பொருளும் இல்லை. பெற்றோரையும் முதியோரையும் பேணுதல் மக்கட்குக் கடன் என 2007-இல் நாடு தழுவிய சட்டமொன்று இயற்றவேண்டி வந்ததே நம் காலத்தின் நிலைக்குச் சான்றாகும். பசித்தவர்க்கு முதலில் வேண்டுவது சோறு, சூத்திரம் அன்று. அவரைப் பேணுதல் அவர்க்கன்று, நமக்கு விதிக்கப்பட்ட இறைபணி. காம்பீலி நகரத்து நேச நாயனார் தம் குலத்தொழிலாகிய நெசவையே செய்து, மனத்தை இறைவன் திருவடிக்கும், வாக்கைத் திருவைந்தெழுத்திற்கும், கையை அடியார்க்கு உடையும் கோவணமும் கீளும் நெய்து உதவுதற்கும் உரியவாக்கினார். நெய்வார் அடியார்க்கு உடை அளித்த மரபு நம்முடையது. நெய்து முதிர்ந்தார்க்கு நாம் உணவளித்தலன்றோ அதற்குக் கைம்மாறு? மாகேசுர பூசையை நாள்தோறும் நிகழ்த்தும் திருமடங்களும் சைவ சபைகளும், பந்தியில் முதலிடத்தை ஊரிலுள்ள ஆதரவற்ற முதியோர்க்கு அளிப்பின் அது பூசையின் நிறைவேயாம், குறைவாகாது.

பழையோர் வரலாறுகள் இக்காலத்திற்கு ஒவ்வா என்பார் உளராயின், அண்மைக்காலத்தாரையும் காட்டுதும். திருவாவடுதுறை ஆதீனத்தில் பயின்று வளர்ந்த மகாமகோபாத்தியாய உ. வே. சாமிநாதையர் சென்னை இராசதானிக் கல்லூரிப் பணியினின்று 1919-இல் நீங்கியபோது அகவை அறுபத்து நான்கு. பெருங்கதை பதிப்பித்தது 1924-இல், குறுந்தொகை 1937-இல். தம் ஆசிரியர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்கள் சரித்திரத்தை இரு பாகங்களாக 1933, 1934-ஆம் ஆண்டுகளில் வெளியிட்டார். தம்முடைய சரித்திரத்தைப் பத்திரிகையில் எழுதத் தொடங்கியது அதற்குப் பின்னர், 1940-இல். ஆசிரியர் வரலாறு முன். தம் வரலாறு பின். இம்முறைவைப்பே முதுமைக்கு ஒரு பாடம். வ. உ. சிதம்பரம் பிள்ளையவர்கள் சிறையும் வறுமையும் கண்டு உடல் நலிந்த பின்னர், சிவஞானபோதத்திற்கு உரை எழுதி 1935-இல் வெளியிட்டார்; அடுத்த ஆண்டே மறைந்தார். கோயம்புத்தூரில் வழக்கறிஞராயிருந்த சிவக்கவிமணி சி. கே. சுப்பிரமணிய முதலியார் பெரியபுராணத்திற்குப் பேருரை வகுத்து நிறைவித்து, பின் துறவு பூண்டார். அவர் வாதித்த வழக்குகளை இன்று அறிவார் யார்? உரையைப் பயில்வார் பலர்.

எம் ஊருக்கு அணித்தே உள்ள காந்திகிராமமும் ஒரு சான்று தருகின்றது. 1947-இல் டாக்டர் சௌந்தரம் அம்மையாரும் அவர் கணவர் கோ. இராமச்சந்திரனாரும் அதனைத் தொடங்கினர். அம்மையார் 1962-இல் திண்டுக்கல் தொகுதியினின்று பாராளுமன்றத்திற்குத் தேர்ந்தெடுக்கப்பெற்று, நடுவணரசில் கல்வித் துணையமைச்சராயினார். 1967-ஆம் ஆண்டுத் தேர்தலில் வெற்றி வாய்க்கவில்லை. பதவி நீங்கிய பின் அவர் காந்திகிராமத்திற்கே மீண்டு, 1984-இல் மறையுங்காறும் அப்பகுதிச் சிற்றூர் மக்கள் பணியிலே நின்றார். தலைநகரத்து மாளிகையினின்று சிறுமலை அடிவாரத்திற்கு வருதல் இறக்கம் என்று உலகம் கூறும். பணியை நோக்குவார்க்கு அது தறியினின்று எழுந்து தாரின் முன் அமர்தலை ஒக்கும்.

இவற்றால், ஓய்வுபெற்ற சைவர் மேற்கொள்ளத்தக்கன சில பெறப்படும். முதலாவது, ஒப்படைத்தல். வீட்டுப் பொறுப்பை மகன்பாலும் மருமகள்பாலும் மனமார ஒப்படைத்து, கேட்டாலன்றிக் கருத்துக் கூறாதிருத்தல். இஃது எளிதன்று, சரியைகளுள் அரியது இதுவே எனினும் அமையும். இரண்டாவது, உடலால் இயன்ற திருத்தொண்டு. ஊர்க்கோயிலில் திருவலகிடுதல், நந்தவனம் பேணுதல், பூத்தொடுத்தல் என்பன கற்றார் கல்லாதார் இருவர்க்கும் பொது. கணக்கதிகாரியாயிருந்தவர் கோயிற் கணக்கைப் பார்க்க முந்துவர். அவர் முதலாண்டு துடைப்பத்தை எடுப்பாராக. மூன்றாவது, கற்றலும் கற்பித்தலும். சித்தாந்த சாத்திரம் பதினான்கனுள் ஒன்றை நல்லாசிரியர்பால் முறையாகப் பாடங்கேட்டு, கேட்ட அளவினைத் தெருச்சிறார்க்குத் திருமுறை ஓதுவித்து ஈடுசெய்தல். அறுபதில் மாணாக்கராதல் அதிகார மலத்திற்கு நேரிய மருந்து.

நான்காவதாக ஒன்றைத் தயக்கத்துடனாயினும் கூறாதொழிதல் இயலாது. நம் சபைகள் சிலவற்றில் தலைமை நாற்காலி இருபதாண்டும் முப்பதாண்டும் ஒருவர்க்கே உரிமையாகிக் கிடக்கின்றது. 'இளைஞர் வருகின்றிலர்' என்று ஆண்டுவிழாதோறும் இரங்குவதும் அந்நாற்காலியினின்றே நிகழ்கின்றது. இளைஞர் வருமாறு எங்ஙனம்? இருத்தற்கு இடமில்லையே! முதியோர் எழுந்து தறியை அவர்க்குக் கொடுத்துத் தாம் தார் சுற்றுவராயின், சபையும் நெய்யப்படும். அவர்தம் வினையும் தேயும். திருமடங்களும், ஓய்வுபெற்ற கல்வியாளரைத் தலைமை தாங்குதற்கு அழைப்பதனினும், சுவடி ஒப்புநோக்குதற்கும், அச்சுப்பிழை பார்த்தற்கும், பாடசாலைச் சிறார்க்கு இலக்கணம் கற்பித்தற்கும் அழைக்குமாயின், பெயர் வேண்டாப் பணியின் இனிமையை அவர் சுவைப்பர்.

முதுமை தண்டனையன்று, வினைப்பயன் பெரும்பாலும் நுகர்ந்து கழிந்து, சார்பை மாற்றிக்கொள்ளுதற்கு இறைவன் அளித்த இடைவெளியாம். உத்தியோகத்தினின்று நம்மை ஓய்விப்பது அரசாங்கத்தின் ஆணை. அதற்கு நாள் உண்டு. 'யான், எனது' என்பதினின்று ஓய்விப்பது திருவருள். அதற்கு நாள் குறிப்பார் இல்லை. முன்னது வந்துற்றார் பின்னதனை வேண்டி, தம்மால் இயன்ற சிறுபணி ஒன்றனை இன்றே கைக்கொள்ளுவாராக.

மெய்கண்டதேவர் திருவடி வாழ்க.